பெர்த்தில் தம்பி குடும்பம் ஏழு பேர்: லேண்ட் குரூசருக்கு எந்த கேரவன் பொருந்தும்?

செந்தூல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறேன். தம்பி பெர்த்தில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. அவன், அவன் மனைவி, மூன்று பிள்ளைகள். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் மூன்று மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வருவார்கள். ஆக வண்டியில் ஏழு பேர்.

தம்பியிடம் இருப்பது டொயோட்டா லேண்ட் குரூசர் 300, ஜிஎக்ஸ்எல் ரகம், ஏழு இருக்கை. இப்போது ஒரு கேரவன், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு மாதிரியான வண்டி, வாங்கப் போகிறான். 22 அடி நீளம், பிள்ளைகளுக்கு மூன்று அடுக்குப் படுக்கை, முன்னால் இரட்டைக் கட்டில், உள்ளேயே கழிவறை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியில் முகாம் திடலின் பொதுக் கழிவறைக்கு நடக்க வைக்க முடியாது. அதனால் உள்ளே கழிவறை கட்டாயம் வேண்டும் என்கிறான்.

கேரவனின் தகட்டில் காலி எடை 2,480 கிலோ, சாமானோடு அதிகபட்சம் 3,100 கிலோ என்று இருக்கிறதாம். விற்பவர், "உங்கள் வண்டி 3,500 கிலோ இழுக்கும், இது 3,100தான், தாராளமாக எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை முன்பணம் கட்டப் போகிறான்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். தம்பியிடம் ஒன்றுதான் கேட்டார்: "இழுக்கிறது இருக்கட்டும்பா, உன் கார் சுமக்கிறது எவ்வளவு?" தம்பிக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரிந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

பிறை மெக்கானிக்

முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

நான் பெர்த்தில் ஆறு வருடம் பட்டறை வேலை பார்த்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியவன். அங்கே கேரவன் இழுக்கும் குடும்பங்கள் நிறைய வரும். வருகிறவர்கள் எல்லோரும் 3,500 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜிவிஎம் எவ்வளவு என்று கேட்டால் கையேட்டைத் தேடுவார்கள்.

ஜிவிஎம் என்பது கார் மட்டும், அதன் மேல் ஏறும் எல்லாவற்றோடும் சேர்த்து, அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற வரம்பு. லேண்ட் குரூசர் 300-க்கு அது 3,280 கிலோ. ஜிஎக்ஸ்எல் வண்டி டாங்க் நிறைய எண்ணெயோடு, ஆள் இல்லாமல் 2,580 கிலோ. கழித்துப் பாருங்கள், 700 கிலோ. அந்தக் கார் சுமக்கக்கூடியது அவ்வளவுதான். ஏழு பேர், அவர்கள் பைகள், கூரை ராக், முன் பம்பர், இழுவைக் கொக்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

விற்பவர் சொல்லாமல் விட்டது இன்னொன்று. கேரவனின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் நிற்பதில்லை. ஒரு பகுதி காரின் பின்கொக்கியில் உட்காரும். அங்கே அதைப் பால் வெயிட் என்பார்கள், நான் கொக்கிப் பாரம் என்றே எழுதுகிறேன். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாக எல்லோரும் பிடிக்கும் கணக்கு. 3,000 கிலோ ஏற்றிய கேரவன் என்றால் 300 கிலோ. அந்த 300-ம் காரின் 700-க்குள்தான் வரும். ஆக மீதி 400.

தம்பி குடும்பத்தில் ஒவ்வொருவரின் எடையையும் எழுதிப் போடுங்கள். கூச்சப்படாமல் உண்மையான எடையைப் போடுங்கள்.

செந்தூல்வாசி

இப்போதுதான் தம்பியிடம் பேசினேன். அவன் 84, மனைவி 66, அப்பா 71, அம்மா 62. பிள்ளைகள் 52, 38, 27. கூட்டினால் சரியாக 400.

அண்ணே, ஒரு கைப்பை வைக்கக்கூட இடமில்லையே. காரில் முன் பம்பர், கூரை ராக் இரண்டும் போட்டிருக்கிறான்.

பிறை மெக்கானிக்

கங்காருக்காகப் போடுகிற இரும்பு பம்பர்தானே? அது ஒன்றே 60 கிலோ இருக்கும். ஆனால் நான் ஊகித்து எழுதுவதைவிட ஒன்று செய்யச் சொல்லுங்கள். டாங்கை நிரப்பி, ஏழு பேரையும் காரில் ஏற்றி, கேரவன் எதுவும் இல்லாமல் பொது எடைமேடைக்குப் போகட்டும். லோரி நிறுக்கும் அதே மேடைதான். ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.

செம்பனைத் தோட்டம்

எனக்குக் கேரவன் பற்றித் தெரியாது. ஆனால் கொக்கிப் பாரம் என்று படித்ததும் எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பா டிராக்டர் ஓட்டினார். பின்னால் ட்ரைலரில் குலை ஏற்றுவார்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். புதிதாக வந்த ஆட்கள் பின்பக்கக் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டிய இடத்திலேயே, வால் பக்கமாகவே எறிந்துவிடுவார்கள். அப்பா இறங்கி வந்து சத்தம் போடுவார். எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளச் சொல்வார்.

எதற்கு என்று கேட்டதற்கு ஒரு நாள் செய்தே காட்டினார். வால் பக்கம் பாரமாக இருந்த ட்ரைலரைச் செம்மண் பாதையில் இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக விட்டார். ட்ரைலர் முதலில் மெதுவாக இடம் வலம் அசைந்தது. அப்புறம் ஒவ்வொரு அசைவும் முன்னதைவிட அகலமானது. டிராக்டரின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. நான் மட்கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி முன்பக்கம் பாரம் மாற்றி ஓட்டினார், கயிறு பிடித்த மாதிரி நேராக வந்தது.

கேரவனுக்கும் இதே கதைதானா?

பிறை மெக்கானிக்

அப்படியே அதே கதை. கேரவனின் வால் பாரமானால் கொக்கிப் பாரம் குறையும், குறைந்தால் ஆட்டம் எடுக்கும். சிலர் காருக்குப் பாரம் குறையட்டும் என்று சைக்கிள் நான்கையும் கேரவனின் வாலில் மாட்டுவார்கள். அது நல்லதே இல்லை. காரின் கணக்குச் சரியாகும், கேரவன் சாலையில் வால் ஆட்ட ஆரம்பிக்கும்.

அதற்காகக் கொக்கியில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. லேண்ட் குரூசரின் இரண்டு அச்சுக்கும் இடையில் 2,850 மில்லிமீட்டர். கொக்கி பின் அச்சுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரிதான். பின்னால் 300 கிலோ அமுக்கினால் முன் அச்சு லேசாகும். பின் அச்சில் 300 இல்லை, 430 கிலோ ஏறும். முன் சக்கரத்திலிருந்து 130 கிலோ போய்விடும். ஸ்டீயரிங் பிடிப்பதும் பெரும்பங்கு பிரேக் பிடிப்பதும் அந்த முன் சக்கரம்தான். மூன்றாவது வரிசையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்தால் அவர்கள் பாரமும் பின் அச்சில்தான். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும், ராத்திரி எதிரே வருகிறவன் கண்ணில் உங்கள் விளக்கு அடிக்கும்.

பாரத்தை முன்னுக்குத் தள்ளித்தரும் கம்பிகள் விற்கிறார்கள், ஸ்பிரிங் பட்டை மாதிரி. உதவும்தான். ஆனால் காரின் பின்பக்கத்தை நிமிர்த்தினதும் வரம்பும் கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

காஜாங் எக்ஸ்பிரஸ்

நண்பர்களே, கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறோமோ? என் மச்சான் மெல்பர்னில் இருக்கிறான். பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்துக்கொண்டு பெரிய கேரவன்தான் இழுக்கிறான். நான்கு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. 150 கிலோ கூடினால் வண்டி உடைந்தா போகும்?

பிறை மெக்கானிக்

தம்பி, வண்டி அன்றைக்கே உடையாது. காற்றுப்பை காரின் உயரத்தைத்தான் தூக்கும். ஜிவிஎம் 3,280 என்றால் காற்றுப்பை வைத்த பிறகும் 3,280தான். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அதுவும் இரண்டாம் பட்சம். அந்தக் காரில் இருக்கப்போவது நம் பிள்ளைகளும் பெற்றவர்களும்.

 மேற்கு ஆஸ்திரேலியாவில் வடக்கே போனால், பல ட்ரைலர்களை இழுக்கும் ரோடு ட்ரெயின் லோரிகள், 53.5 மீட்டர் நீளம் வரை, எதிரே வரும். அது பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், பின்னால் உள்ளே இழுக்கும். கேரவனின் பக்கச் சுவர் இருபது அடிக்குமேல் நீளம், பாய்மரம் மாதிரி. சரியாகப் பாரம் ஏற்றிய வண்டி ஒரு முறை அசைந்து நிற்கும். மற்றது நிற்காது.

அப்படி ஆட்டம் எடுத்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், டாஷ்போர்டில் இருக்கும் கேரவன் பிரேக் குமிழைக் கையால் அழுத்துங்கள். கேரவனின் மின் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். நான் பட்டறையில் எந்தக் குடும்பம் வந்தாலும் அப்பா, அம்மா இருவரையும் உட்கார வைத்து அந்தக் குமிழைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்வேன். இருட்டில் தேடுகிற நேரம் கிடைக்காது.

காஜாங் எக்ஸ்பிரஸ்

சரி அண்ணே, புரிந்தது. மச்சானிடம் எடைமேடைக்குப் போகச் சொல்கிறேன்.

கிள்ளான் அக்கா

நாங்கள் போன வருடம் பள்ளி விடுமுறையில் பெர்த்தில் என் நாத்தனார் குடும்பத்தோடு கேரவனில் இரண்டு வாரம் சுற்றினோம். ஓட்டுவது ஆண்கள் என்றாலும் சாமான் ஏற்றுவது நாங்கள்தான், அதனால் நானும் சொல்கிறேன்.

தகட்டில் 2,480, 3,100 என்றால் கேரவனுக்குள் வைக்க 620 கிலோ இருப்பதுபோல் தெரியும். கரைந்துபோகும் வேகத்தைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 95 லிட்டர் என்றால் 190 கிலோ அங்கேயே போயிற்று. பக்கக் கூடாரம், கம்பிகள், நாற்காலிகள், மேசை, எரிவாயு உருளை இரண்டு, கூடுதல் பேட்டரி. இன்னும் துணிமணி, போர்வை, அரிசி, பருப்பு வரவில்லை.

நாங்கள் கிளம்பும் முந்தின நாள் குளியலறைத் தராசை வாசலில் வைத்து ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துக்கொண்டு ஏறி நிறுத்தோம். நாத்தனாரின் மாமியார் மேசை கிரைண்டரைக் கொண்டுவந்தார், கல்லோடு 12 கிலோ. அது இல்லாமல் தோசை கிடையாது என்றார். சரி, கொண்டுபோகலாம், ஆனால் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அச்சுக்கு நேர் மேலே, தரையில், பெஞ்சுக்கு அடியில் வைத்தோம். மேலே உள்ள அலமாரிகளில் அப்பளம், பிஸ்கட், துண்டு மாதிரி லேசானவை மட்டும். இரும்புச் சட்டி, டின்கள் எல்லாம் கீழே.

போகிற இடத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தால் தொட்டியில் ஒன்றை மட்டும் நிரப்புங்கள், அதையும் முழுக்க நிரப்புங்கள். அரைத்தொட்டித் தண்ணீர் உள்ளே அலையடிக்கும் என்று அங்கே சொன்னார்கள். எந்தத் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்று முதலில் பாருங்கள், அதை வைத்துக் கொக்கிப் பாரம் மாறும்.

இன்னொன்று. ஓடும்போது கேரவனுக்குள் ஆள் உட்காரக் கூடாது. அங்கே அது சட்டப்படி தப்பு. எங்கள் பெரியவர் படுத்துக்கொண்டே வரலாம் என்று நினைத்திருந்தார். உங்கள் அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரவாங் இன்னோவா

இடையில் ஒரு கேள்வி. நான் இங்கேயே இன்னோவாவில் ஒரு சின்ன கேரவனை இழுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போக ஆசைப்படுகிறேன். நடக்குமா?

பிறை மெக்கானிக்

வாங்கும் முன்னால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்கு நேரில் போய், கொக்கி மாட்டுவது, ட்ரைலரைப் பதிவது, உங்கள் லைசென்ஸ் மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது. தாப்பாவிலிருந்து ஏறும் அந்த வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

செந்தூல்வாசி

எடைமேடைக்குப் போய்விட்டு வந்தார்கள். தம்பி சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். ஏழு பேர், டாங்க் நிறைய எண்ணெய், கேரவன் இல்லை: 3,140 கிலோ.

மீதி 140. அந்தக் கேரவனை மாட்டினால் கொக்கிப் பாரம் 300. பை ஒன்றுகூட ஏற்றாமலேயே 160 கிலோ கூடுதல்.

அப்பா அங்கேதான் இருக்கிறார். சீட்டைக் கையில் வாங்கி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, இரண்டு முறை படித்தாராம். "துறைமுகத்திலும் இதே மாதிரி சீட்டுதான்" என்று சொல்லிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். சனிக்கிழமை முன்பணம் கட்டவில்லை.

இனி என்ன செய்வது? ஜிவிஎம்மை உயர்த்தித் தரும் ஸ்பிரிங் மாற்றம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னாராம். அது காற்றுப்பை மாதிரிதானா? மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லையா?

பிறை மெக்கானிக்

அது காற்றுப்பை மாதிரி இல்லை. முறையாகச் சோதித்து, சான்றிதழோடு, புது வரம்பைத் தகட்டில் பதித்துத் தருவது. சட்டப்படி செல்லும், செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம் தானாக உயராது. ஜிசிஎம் என்பது காரும் கேரவனும் சேர்ந்த மொத்த வரம்பு, இந்தக் காருக்கு 6,750. காரில் அதிகம் ஏற்றினால் இழுக்கக்கூடியது அந்த அளவுக்குக் குறையும். உங்கள் தம்பியின் கணக்கில் ஜிசிஎம் இடிக்கவில்லை, 3,280-ஐயும் கேரவன் சக்கரத்தில் நிற்கும் 2,700-ஐயும் கூட்டினால் 5,980தான். ஆனால் மற்ற வண்டிகளில் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். புது ஃபோர்ட் எவரெஸ்ட் வி6 கூட 3,500 இழுக்கும் என்றுதான் விற்பனை. ஜிவிஎம் 3,150, ஜிசிஎம் 6,250. கார் முழுப் பாரத்தோடு இருந்தால் கேரவன் சக்கரத்துக்கு மிஞ்சுவது 3,100.

மோட்டார்ஹோம் வாடகைக்குப் பெரும்பாலும் 6 பேருக்குத்தான் கிடைக்கும். நீங்கள் ஏழு.

என் யோசனை வேறு. நீங்கள் டிசம்பரில் போகிறீர்களா?

செந்தூல்வாசி

ஆமாம், நான், மனைவி, மகள். மூன்று பேர். பெர்த்தில் ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுப்பதாக இருக்கிறோம்.

பிறை மெக்கானிக்

அப்படியானால் அப்பாவும் அம்மாவும் உங்கள் காரில் வரட்டும். 133 கிலோ குறைந்தது. கூரை ராக்கைக் கழற்றச் சொல்லுங்கள், அது ஒரு 30. 3,140-லிருந்து 163 போனால் 2,977. வரம்புக்குள் 303 கிலோ இருக்கிறது.

இப்போது கேரவனைச் சின்னதாக்குங்கள். இரண்டு பக்கமும் படுக்கை விரியும் வகை, 18 அடிக்குள், உள்ளே கழிவறையோடு, முழுப் பாரத்தில் 2,300-க்கு மேல் போகாததாகப் பாருங்கள். கொக்கிப் பாரம் 230. காரில் பைகளுக்கு 70 கிலோ மிஞ்சும். அப்பா அம்மாவுக்கு உள்ளே கட்டில், பிள்ளைகள் விரிபடுக்கையில், தம்பியும் மனைவியும் கூடாரத்தில். நீங்கள் திடலிலேயே ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம், பல திடல்களில் சின்ன வீடு மாதிரி கிடைக்கும்.

இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் நிற்கும் எடை 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், கொக்கி அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும், அது குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும். பழைய கேரவன் வாங்கினால் அந்த அமைப்புக்கு இருக்கும் சின்ன பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை.

கிள்ளான் அக்கா

அந்த 70 கிலோவில் பெரியவர்களின் மருந்துப் பையை முதலில் வையுங்கள். மற்றது அப்புறம்.

செந்தூல்வாசி

பெர்த்திலிருந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

தம்பி வேறு கேரவன் எடுத்தான். பழையது, இரண்டு பக்கமும் விரியும் வகை, தகட்டில் 2,300. நேற்றுச் சாமான் முழுக்க ஏற்றி, தண்ணீர்த் தொட்டி ஒன்றை நிரப்பி, எடைமேடைக்குப் போனோம். கேரவன் தனியாக 2,240. கொக்கிப் பாரம் 220. கொக்கியில் மாட்டியபடி கார் மட்டும் மேடையில் 3,240. வரம்புக்கு 40 கிலோ கீழே.

அம்மாவின் கிரைண்டர் வந்திருக்கிறது. அச்சுக்கு மேலே, பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. அதற்காக தம்பி தன் கருவிப் பெட்டியில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

நாளைக் காலை ஆல்பனிக்குக் கிளம்புகிறோம், 420 கிலோமீட்டர். இன்று மாலை காலியான ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தில் தம்பியும் அவன் மனைவியும் மாறி மாறிப் பின்னுக்கு எடுத்துப் பழகினார்கள். அப்பா வெளியே நின்று கையைக் காட்டினார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குமிழைத் தொட்டுக் காட்டும்வரை அவர் விடவில்லை. இப்போது அவர் டார்ச் விளக்கோடு கேரவன் டயர்களில் காற்று பார்த்துக்கொண்டிருக்கிறார், நானும் போகிறேன்.